அமர்ந்து ஓட்டும் புல்வெட்டியைப் பாதுகாப்பாக இயக்குவதும் பேணுவதும்

பெரிய புல்வெளிகளை வெட்டுவதற்கென அமைந்த, ஓட்டுபவர் மேலே அமர்ந்து இயக்கும் புல்வெட்டியின் பிளேடு நுனி, முழு வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 90 மீட்டர் தூரம் பாய்கிறது. மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேலான வேகம் அது. அந்த நுனியில் அடிபடும் ஒரு கூழாங்கல்லோ துண்டுக் கம்பியோ எங்கே போய்த் தைக்கும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பிளேடு இரும்புக் கூட்டுக்குள் மறைந்து சுழல்வதாலும், வண்டி நடைவேகத்தைவிடச் சற்றே விரைவாக நகர்வதாலும், ஓட்டுபவர் இந்த வேகத்தை எளிதில் மறந்துவிடுகிறார். இந்த மறதிதான் பெரும்பாலான விபத்துகளுக்குத் தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வகை வண்டிகள் பொதுவாக இரண்டு. ஒன்று சிறு டிராக்டர்போல ஸ்டீயரிங் கொண்டு முன்சக்கரங்களைத் திருப்புவது. மற்றொன்று, இரு கைகளிலும் இரு லீவர்களைப் பிடித்து, பின்சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனி ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்பால் இயக்கி, நின்ற இடத்திலேயே வட்டமடிக்கக்கூடிய ஜீரோ டர்ன். இரண்டும் ஒரே வேலையைச் செய்தாலும் சரிவில் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறு. ஒன்றில் கிடைத்த பழக்கத்தை மற்றொன்றில் அப்படியே கொண்டுபோவது ஆபத்து. கீழே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவைச் சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

சாவியைத் திருகுவதற்கு முன்

முதலில் வண்டியை விட்டுவிட்டு, வெட்டப்போகும் நிலத்தை நடந்து பாருங்கள். கல், கம்பி, எலும்பு, உடைந்த குழாய், விளையாட்டுப் பொருள் ஆகியவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். எடுக்க முடியாத மரவேர், தண்ணீர்க் குழாயின் தலை, குழி போன்றவற்றின் அருகே கண்ணில் படும்படி ஒரு கொடியை நட்டு வைக்க வேண்டும். புல் உயரமாக வளர்ந்த இடத்தில் குழி தெரியாது. அங்கே முதல் சுற்றைப் பிளேடை உயர்த்தி வைத்து மெதுவாக வெட்டிவிட்டு, இரண்டாம் சுற்றில் வேண்டிய உயரத்துக்கு இறக்குவது நல்லது. எப்படியும் ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பது புல்லுக்கும் கேடு, எஞ்சினுக்கும் சுமை.

அருகில் உள்ளவர்களை, குறிப்பாகக் குழந்தைகளை, வெட்டும் பரப்பிலிருந்து முழுமையாக வெளியேற்றி, ஒரு பெரியவரின் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வண்டியின் ஓசை குழந்தைகளைத் தன்பால் இழுக்கும் என்பதால், சற்று முன் பார்த்த இடத்திலேயே அவர்கள் இருப்பார்கள் என்று ஒருபோதும் எண்ணிவிடக் கூடாது. ஒரு சுற்று சுற்றிக்காட்டலாம் என்று குழந்தையை மடியில் அமர்த்துவதைப் பாசம் என்று நினைக்கிறோம். அப்படி வண்டியில் ஏறிப் பழகிய குழந்தைதான், இன்னொரு நாள் மீண்டும் ஏறும் ஆசையில், ஓட்டுபவருக்குத் தெரியாமல் பின்னாலிருந்து ஓடிவருகிறது.

கெட்டியான காலணி, நீளக் காற்சட்டை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, காதுக்கவசம் ஆகியவை நாள்தோறும் வேண்டும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள் முழுதும் வேலை செய்தால் செவித்திறன் கெடும். இந்த எஞ்சின்கள் ஓட்டுபவரின் காதருகே பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டிவிடுகின்றன.

அடுத்து, பாதுகாப்பு சுவிட்சுகளைச் சோதியுங்கள். பிளேடு சுவிட்ச் போட்ட நிலையில் சாவியைத் திருகினால் எஞ்சின் கிளம்பக் கூடாது. எஞ்சின் ஓடும்போது, பிளேடு சுழலும் நிலையில், இருக்கையிலிருந்து உடலைச் சற்றே எழுப்பினால் எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும். பார்க்கிங் பிரேக் போடாமல் எழுந்தாலும் அப்படியே. இவற்றுள் ஒன்று தவறினாலும் அன்று வண்டியை எடுக்காதீர்கள். மேடுபள்ளத்தில் குலுங்கும்போது எஞ்சின் நின்று நின்று போகிறது என்பதற்காக, இருக்கைக்கு அடியில் உள்ள சுவிட்சின் இரு ஒயர்களையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த ஒயர் முறுக்கை நான் பார்த்த ஒவ்வொரு முறையும், வண்டியைப் பிரித்து வேலை செய்வதற்கு முன் அதைத்தான் முதலில் அவிழ்த்தேன். பழுதான சுவிட்சை மாற்றுவது சிறிய வேலை. அதை ஒதுக்கிவிட்டு ஓட்டுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஓட்டும்போது

எஞ்சினைப் பாதி வேகத்தில் வைத்துப் பிளேடை இணைத்து, பிறகு முழு வேகத்துக்கு உயர்த்தி வெட்ட வேண்டும். எரிபொருள் மிச்சமாகும் என்று குறைந்த வேகத்தில் வெட்டுவது தவறு. எஞ்சினைக் குளிரவைக்கும் விசிறி எஞ்சினோடு சேர்ந்தே சுழல்வதால், வேகம் குறைந்தால் குளிர்ச்சியும் குறையும், வெட்டும் சீராக அமையாது. புல் அடர்த்தியான இடத்தில் குறைக்க வேண்டியது வண்டியின் நகரும் வேகத்தையே.

வெட்டிய புல் பக்கவாட்டில் வெளியேறும் வாயில் ஒரு மடக்குத் தகடு தொங்குகிறது. அதைக் கழற்றவோ, மேலே தூக்கிக் கட்டவோ கூடாது. புல் வீசும் பக்கம் ஆட்கள், வாகனங்கள், கண்ணாடிச் சன்னல்கள் இல்லாதபடி சுற்றும் திசையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சாலையையோ சரளைப் பாதையையோ கடக்கும்போது பிளேடை நிறுத்த வேண்டும். பின்னோக்கிச் செலுத்துவதற்கு முன் பிளேடை நிறுத்தி, தலையைத் திருப்பிக் கீழேயும் பின்னேயும் பார்த்து, நகரும் நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஈரப் புல் வாயில் அடைத்துக்கொள்வது அடிக்கடி நிகழும். ஓட்டுபவர் இறங்கி, குனிந்து, கையை விட்டு எடுக்கப்போகும் அந்த ஒரு நொடியில்தான் விரல்கள் போகின்றன. சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு சில நொடிகள் சுழன்றுகொண்டிருக்கும்; பிளேடு பிரேக் தேய்ந்திருந்தால் இன்னும் கூடுதலாகச் சுழலும். ஆகவே பிளேடை அணைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்து, எல்லா அசைவும் ஓய்ந்தபின் இறங்கி, ஒரு குச்சியால் மட்டுமே அடைப்பைத் தள்ளுங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும், அடைப்பில் இறுகி நின்ற பிளேடு, அடைப்பு விலகியவுடன் பெல்ட்டின் விசையால் சற்றே திரும்பக்கூடும் என்பதால் கை எப்போதும் வெளியே இருக்க வேண்டும்.

சரிவு

உயிரிழப்புகளுக்கு முதன்மையான காரணம் வண்டி கவிழ்வதுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜீரோ டர்ன் வண்டியின் முன்சக்கரங்கள் தள்ளுவண்டிச் சக்கரங்களைப்போல எந்தப் பக்கமும் தாமே திரும்பக்கூடியவை. அவற்றுக்குத் திசை காட்டும் திறனும் இல்லை, நிறுத்தும் திறனும் இல்லை. திருப்புவதும் நிறுத்துவதும் இரு பின்சக்கரங்களின் வேலையே. எனவே அந்தப் பின்சக்கரங்கள் ஈரப் புல்லில் பிடியிழந்தால், திசையும் பிரேக்கும் ஒரே நேரத்தில் கையைவிட்டுப் போய்விடுகின்றன. லீவரை எவ்வளவு இழுத்தாலும் வண்டி சரிவின் போக்கிலேயே, பெரும்பாலும் முன்பக்கம் தாழ்ந்தபடி, சறுக்கிக்கொண்டு போகும். கீழே மதிற்சுவரோ குளமோ இருந்தால் நேரே அங்கேதான் போய் நிற்கும்.

பெரும்பாலான கையேடுகள் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக் கூடாது என்கின்றன; சில வண்டிகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. கண்ணளவை இதில் நம்ப முடியாது. ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையை எடுத்து, ஒரு முனையைச் சரிவின் மேற்புறத்தில் தரையோடு வைத்து, ரசமட்டத்தால் பலகையைக் கிடைமட்டமாக்கிப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து தரைவரை செங்குத்தாக அளந்தால் 27 சென்டிமீட்டர் வருமானால் அது 15 பாகை. அதைத் தாண்டும் இடத்தைக் கையால் இயக்கும் கருவிக்கு விட்டுவிடுவதே சரி.

ஸ்டீயரிங் வகை வண்டியைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுவதே பொது விதி. பல ஜீரோ டர்ன் கையேடுகளோ குறுக்காக ஓட்டச் சொல்கின்றன. உங்கள் வண்டிக்கு எது என்பதைக் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த வகையானாலும் சரிவில் நிறுத்துவது, கிளம்புவது, சட்டெனத் திரும்புவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சக்கரம் வழுக்குவதை உணர்ந்தால் பிளேடை அணைத்துவிட்டு, மெதுவாக நேரே கீழே இறங்கிவிட வேண்டும். பின்புறம் புல் சேகரிக்கும் பை பூட்டியிருந்தால், அது நிறைய நிறைய வண்டியின் எடைச் சமநிலை மாறுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். குளம், வாய்க்கால், தடுப்புச்சுவர் ஆகியவற்றின் விளிம்பிலிருந்து வண்டியின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். விளிம்பு மண் பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் எடை ஏறியதும் இடிந்து விழக்கூடும்.

ஓட்டுபவரின் தலைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் ரோல் பார் கம்பியும் சீட் பெல்ட்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கம்பி நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் கட்டாயம். ஏனெனில் வண்டி கவிழ்ந்தால் கம்பி காக்கும் இடைவெளிக்குள் உங்களை இருத்தி வைப்பது பெல்ட்தான். தாழ்ந்த கிளையின் கீழே செல்ல வேண்டிக் கம்பியை மடக்கினால் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். ஏனெனில் அப்போது பெல்ட் உங்களைக் கவிழும் வண்டியோடு கட்டிப்போடும். கிளையைத் தாண்டியதும் கம்பியை நிமிர்த்திப் பெல்ட்டை மாட்ட மறக்காதீர்கள். மடக்கியபடியே நாள்கணக்கில் ஓடும் வண்டிகளைக் காணும்போது மனம் பதறுகிறது.

எரிபொருள்

எஞ்சின் ஆறிய பிறகு, திறந்தவெளியில் மட்டுமே பெட்ரோல் ஊற்ற வேண்டும். கேனை வாகனத்தின் மேல் வைத்து நிரப்பாமல் தரையில் வைத்து நிரப்புங்கள். வாகனத்தின் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் இருக்கும் கேனில் சேரும் நிலைமின்சாரம் தீப்பொறியாகலாம். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த பெட்ரோலைப் பெரும்பாலான எஞ்சின் தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை.

பிளேடு

மழுங்கிய பிளேடு புல்லை வெட்டுவதில்லை, கிழிக்கிறது. வெட்டிய மறுநாள் ஒரு புல்லைப் பறித்துப் பாருங்கள்; நுனி நார்நாராகப் பிரிந்து வெளுத்துப் பழுப்பாகியிருந்தால் பிளேடு தீட்டும் காலம் வந்துவிட்டது. நாள்தோறும் ஓடும் வண்டியில் 8 முதல் 10 மணி நேர வேலைக்கு ஒருமுறை தீட்ட வேண்டியிருக்கும். மணற்பாங்கான இடத்தில் இன்னும் முன்னதாகவே.

ஸ்பார்க் பிளக் ஒயர்களைக் கழற்றி ஒதுக்கி, வண்டியைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்தபின், கெட்டியான கையுறை அணிந்து, பிளேடு திரும்பாதபடி மரக்கட்டையை முட்டுக் கொடுத்துப் போல்ட்டைக் கழற்றுங்கள். தீட்டும்போது பிளேடு வரும்போதே இருந்த கோணத்தை, பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியது, அப்படியே பின்பற்றி, மேற்புறத்தை மட்டும் தேய்க்க வேண்டும். கிரைண்டரை ஓரிடத்திலேயே அழுத்தினால் இரும்பு நீலநிறமாகும். நீலம் பூத்த இடம் பதம் போன இடம், அங்கே கூர் நிற்காது. ஆகவே சிறிது தேய்த்து, ஆறவிட்டு, மீண்டும் தேய்ப்பதே முறை.

பிறகு சுவரில் அடித்த ஓர் ஆணியில் பிளேடின் நடுத்துளையை மாட்டிக் கிடைமட்டமாக விடுங்கள். ஒரு பக்கம் மெல்லத் தாழ்ந்தால் அந்தப் பக்கம் கனம் கூடுதல். கூரான விளிம்பைத் தொடாமல் அந்த முனையின் பின்பகுதியில் சிறிது தேய்த்து, இரு பக்கமும் அசையாமல் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். சமநிலை தவறிய பிளேடு தரும் அதிர்வு, அதைத் தாங்கும் தண்டின் பேரிங்கைச் சில வாரங்களிலேயே தின்றுவிடும். வளைந்த பிளேடை அடித்து நிமிர்த்தவோ, விரிசலுக்கு வெல்டிங் வைக்கவோ கூடவே கூடாது. தட்டையான பகுதி மேல்நோக்கி வளையத் தொடங்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். மணல் அரித்து அங்கே மெலிந்திருந்தால் அந்தத் துண்டு ஒருநாள் பறந்துவிடும், பிளேடை உடனே மாற்றுங்கள். மாட்டும்போது வளைந்த பகுதி மேலே கூட்டை நோக்கியிருக்க, கையேடு சொல்லும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்குப் போல்ட்டை இறுக்க வேண்டும்.

வெட்டு ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் விழுந்தால், எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் டயர் காற்றை அளந்து பாருங்கள். பாதி நேரம் குறை அங்கேதான் இருக்கும். காற்று சரியான பிறகு, சமதளத்தில் நிறுத்தி, இடவலப் பிளேடு நுனிகள் ஒரே உயரத்திலும், முன்நுனி பின்நுனியைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்தும் இருக்குமாறு அமைக்க வேண்டும்.

எஞ்சினும் மற்றவையும்

எஞ்சின் ஆயில் அளவை நாள்தோறும் சமதளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புது எஞ்சினில் முதல் சில மணி நேரத்துக்குப் பிறகும், அதன்பின் பெரும்பாலும் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றுவது வழக்கம். புழுதியும் வெயிலும் மிகுந்த வேலையில் இந்த இடைவெளி பாதியாகக் குறையும். ஏர் ஃபில்டரையும், எஞ்சின் மேலுள்ள வலையையும், குளிர்ச்சித் தகடுகளையும் சுத்தமாக வைத்திருங்கள். சைலன்சர் அருகே சேரும் காய்ந்த புல் தீப்பற்றக்கூடியது. கிரீஸ் இட வேண்டிய இடங்களைக் கையேட்டுப் படத்தில் பார்த்து ஒன்றும் விடாமல் இடுங்கள். கழுவும்போது உயர் அழுத்தத் தண்ணீரைப் பேரிங்குகளின் மீதும் மின் இணைப்புகளின் மீதும் பாய்ச்சாதீர்கள்.

ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சிறு புள்ளி மட்டுமே தெரியும், ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். ஓர் அட்டைத் துண்டைக் குழாயருகே நகர்த்தி, அதில் ஈரம் படுகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே தோலில் பாய்ந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போனது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்தி வைப்பதானால், பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து சில நிமிடம் எஞ்சினை ஓடவிட்டபின் நிறுத்துங்கள். பேட்டரியில் முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது அது கடைசியாக வர வேண்டும். மீண்டும் எடுக்கும் நாளில், சாவியைத் திருகுமுன் எஞ்சின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள். எலி கூடு கட்டக் குளிர்ச்சித் தகடுகளின் இடுக்கைவிட வசதியான இடம் அதற்குக் கிடைப்பதில்லை.