மரபுக்கால்வழி வரைபடக் கேள்விக்கு எளிய வழி

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் தேர்வில் மரபுக்கால்வழி வரைபடம் (ஒரு குடும்பத்தில் தலைமுறைதோறும் யாருக்கு நோய் உள்ளது என்று காட்டும் படம்) கொடுக்கப்பட்டால், அதை மேலிருந்து கீழாக வரிசையாகப் படிப்பதைவிட, நோயற்ற பெற்றோருக்கு நோயுள்ள குழந்தை பிறந்திருக்கும் இடத்தை முதலில் தேடுவது நல்லது. அப்படி ஓரிடம் கிடைத்தால், புதிய சடுதிமாற்றம் என்ற அரிய வாய்ப்பை ஒதுக்கிவிட்டு, நோய் ஒடுங்கு தன்மையுடையது, அதாவது இயல்பான மரபணு ஒன்று இருந்தாலே வெளிப்படாதது என்று கொள்ளலாம். அக்குழந்தை பெண்ணாக இருந்தால் இன்னும் வசதி: தந்தையின் ஒரே எக்ஸ் குரோமோசோம் மகளுக்குக் கட்டாயம் வந்து சேரும் என்பதால், தந்தை நோயற்றவராக இருக்கும்போது, ஹீமோஃபிலியா போன்ற எக்ஸ் சார்ந்த ஒடுங்கு நோய்க்கு அங்கே இடமில்லை.

மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் நிகழ்தகவில்தான். நோயற்ற பெற்றோருக்குப் பிறந்த, தலசீமியா என்ற ஒடுங்கு இரத்த நோய் உள்ள சிறுமியின் நோயற்ற அண்ணன் கடத்தியாக (நோயின்றி, நோய்க்கான மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருக்கும் வாய்ப்பு என்ன என்று கேட்டால், பலரும் 1/2 என்று எழுதிவிடுகிறார்கள். பெற்றோர் இருவரும் கடத்திகள் என்பதால் பெற்றோரின் மரபணுக்கள் குழந்தையிடம் சேரக்கூடிய வழிகளைக் காட்டும் பன்னட் கட்டத்தில் நான்கு அறைகள் வரும் என்பது சரியே. ஆனால் அண்ணனுக்கு நோயில்லை என்பது கேள்வியிலேயே சொல்லப்பட்டுவிட்டதால், நோயுள்ள அறையைப் பென்சிலால் அடித்துவிட்டு, எஞ்சிய மூன்றில் கடத்திக்குரிய இரண்டு, அதாவது 2/3 என்று எழுத வேண்டும். அவர் கடத்தியான பெண்ணை மணந்தால், அவர்களின் முதல் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 2/3 × 1/4 = 1/6 ஆகும். இன்னும் பிறக்காத தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தால் மட்டும் எந்த அறையையும் அடிக்கக் கூடாது. அங்கே 1/2 என்பதே சரியான விடை.