பழைய ஜீப்புக்குப் புதுப் பட்டை: என் அனுபவம்

மஹிந்திரா எம்.எம்.540 ஜீப்பில் பின்பக்க இடது பட்டை (அதிர்ச்சியைத் தாங்கும், தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்) உடைந்திருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினேன். ஒன்று மட்டும் புதிதானால் வண்டி சாய்ந்தே நிற்கும்.

முதல் நாள் இரவே நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் விட்டேன். சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) ஸ்டாண்ட், ஆக்சிலுக்கு (சக்கர அச்சு) அடியில் தனி ஜாக்கி. ஆக்சிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது.

பட்டையின் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை, பட்டை உட்காரும் ஆக்சில் மேடையின் குழியில் முழுசாக உட்கார வேண்டும். அரைகுறையாக உட்கார்ந்தாலும், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட் இறுகியது போலத்தான் தெரியும். ஓட்டத்தில் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு ஆக்சில் நகர்ந்துவிடும். சில பட்டைகளில் இந்த போல்ட் நட்டநடுவில் இருக்காது. அதனால் கழற்றும் முன்பே பட்டையின் இரு கண்களிலிருந்தும் (முனை வளையங்கள்) அதற்குள்ள தூரத்தை அளந்து வையுங்கள். பழைய யு போல்ட் வேண்டவே வேண்டாம், அது நீண்டிருக்கும். புதியதைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

பலர் கோட்டை விடுவது கண்களுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் (உறை). சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே ஷேக்கிள் (பட்டையின் முனையை சேஸிஸோடு இணைக்கும் துண்டு) போல்ட்டை இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். தரையில் பாரம் ஏறிய பிறகே கடைசி முறுக்கு. 100 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கினேன். எல்லாமே கால் சுற்று ஏறின.