கை லூசாச்சு, ஊக்கு இன்னும் இழுக்குது

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காலை ஆறு மணிக்கு நடக்க வருகிறவர்களில் மாதத்துக்கு ஒருவராவது புதுமுகம். போன வாரம் ஒரு தங்கச்சி கைப்பேசியை நீட்டினாள். “அக்கா, ஒரே வாரத்துல மூணு கிலோ குறைஞ்சிருச்சு!” ஓட்ஸும் வெள்ளரிக்காயும்தான் சாப்பாடாம். பாராட்ட வாய் வரவில்லை. நானும் இதே கூத்தை அடித்தவள்தான்.

வடையைக் குறை, லிஃப்டை விட்டுப் படியேறு என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். எடை குறைக்கப் போய் நாம் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

வேர்வை பெல்ட்

வயிற்றில் கட்டிக்கொண்டு வேர்த்தால் போவது தண்ணீர். ஒரு பாட்டில் குடித்தால் திரும்பிவிடும்.

தொப்பைக்கு மட்டும் பயிற்சி

சிட்-அப் எடுத்தால் வயிற்றுத் தசை பலப்படும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் கரைவது என்று நம்மைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

பட்டினி கிடப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். தம்பி கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. தேக்காவில் ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு, ஒருவேளைச் சோறு, மற்ற நேரமெல்லாம் கறுப்புக் கோப்பி என்று கிடந்தேன். பதினொரு கிலோ இறங்கியது. போட்டுப் பார்க்கப் போனபோது தையல்காரம்மா சொன்னார்: “கை ரெண்டு விரல் லூசாயிடுச்சு, கீழ் ஊக்கு மட்டும் இன்னும் இழுக்குதே!” அப்போது சிரித்தேன். சந்தையிலிருந்து ஐந்து கிலோ அரிசிப் பையை லிஃப்ட் வரை தூக்க முடியாமல் இரண்டு தடவை கீழே வைத்தபோதுதான் உறைத்தது. கரைந்ததில் என் தசையும் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வாரத்தில் மூன்று கிலோ கொழுப்பு போக வேண்டுமானால் நாளுக்கு 3,300 கலோரி பற்றாக்குறை வேண்டும். அந்தத் தங்கச்சி முன்பு ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டதே அவ்வளவு இருக்காது. அப்படியானால் இறங்கியது எது? உடம்பு மாவுச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கிறது. சாப்பாட்டை நிறுத்தியதும் முதலில் காலியாவது அந்தக் கிடங்குதான். அதற்குப் பிறகும் புரதம் இல்லாமல் இழுத்துக்கொண்டே போனால் கொழுப்போடு தசையும் கரையும்.

கல்யாணம் முடிந்து எட்டு மாதத்தில் பதின்மூன்று கிலோ திரும்பி வந்தது. வந்ததில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை இடுப்பே காட்டிக்கொடுத்தது. அந்த ரவிக்கையை அப்புறம் நான் போடவே இல்லை.

இரண்டாம் முறை நாளுக்கு 400, 500 கலோரிதான் குறைத்தேன். வேளைக்கு இரண்டு முட்டை, இல்லாவிட்டால் உள்ளங்கை அளவு மீன். சாம்பாரில் மிதக்கும் பருப்பைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது குழம்பு. வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி மூலையில் எடை தூக்கினேன். மாதத்துக்கு ஒன்றரை கிலோ, சில மாதம் அதுவும் இல்லை. ஆனால் அரிசிப் பை கனக்கவில்லை.

குடிப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

சோற்றை அளந்து போட்டுக்கொண்டு, கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தேநீரான தே தாரிக்கை நாளுக்கு மூன்று குடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். கெட்டிப்பால் சாப்பாடு இல்லையா என்ன? “தே ஓ கோசோங்” (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்டுப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும். பாக்கெட் பானமென்றால், 2022 டிசம்பர் கடைசியில் வந்த நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள். சீனியையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்து ‘ஏ’ முதல் ‘டி’ வரை போடும் தரம் அது: ‘டி’ என்றிருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

தினமும் எடை பார்ப்பது

எடைக்கருவியை விட்டுவிட்டு, இடுப்பை அளக்க நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆசியர்களுக்குச் சொல்லும் வரம்பு பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், ஆணுக்கு 90. வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள்

பாலிகிளினிக் டாக்டரிடம் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட விடாதீர்கள். சில மாத்திரைக்கு வெறும் வயிறு ஆகாது, மயக்கம் போட்டுவிடும்.