விளாங்கன்று பட்டுப்போவது ஏன்? திருகோணமலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டோரம் தண்ணியில்லாமல் நிற்கிற மரம்தானே என்று விளாங்கன்றை நட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். கோடையைத் தாங்குவது ஆழத்துக்கு வேர் இறக்கிய மரம். கன்றுக்கு அந்த வேர் இன்னும் இல்லை. முதல் இரண்டு கோடையும் அதற்கு ஆள் துணை வேண்டும்.

சித்திரை வருடப்பிறப்பு லீவில் நடாதீர்கள். பின்னாலேயே கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வரும்; மாரி மழைக்கு ஐப்பசி ஆகும். நிலாவெளி, குச்சவெளி மணலில் அந்த இடைவெளியைக் கன்று தாண்டுவது கஷ்டம். ஐப்பசி கடைசியில், ஒரு சாண் ஆழத்துக்கு மண் நனைந்த பிறகு நடுங்கள்.

உயரமான கன்றாகப் பார்த்து வாங்குவதுதான் பெரிய பிழை. விளாவின் ஆணிவேர் நேரே கீழே இறங்கும். பொலித்தீன் பையில் அதிக நாள் நின்றால் அடியில் முட்டி வளையமாகச் சுற்றிக்கொள்ளும். அப்படியே நட்டால் வேர் ஆழம் போகாது. மரம் காற்றுக்குச் சரியும். பையை உரித்ததும் அடியைப் பாருங்கள். சுற்று மெல்லியதாக இருந்தால் கூரான கத்தியால் வெட்டிவிடலாம். பென்சில் தடிப்புக்கு வந்துவிட்டால் அந்தக் கன்று வேண்டாம்.

கிடங்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டடி. பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வேர் அவியும். ஒரு பங்கு உக்கிய எருவுக்கு மூன்று பங்கு மேல்மண் போதும். மாரியில் தண்ணி தேங்கும் இடமென்றால் ஒரு அடி மேடு போட்டு அதில் நடுங்கள்.

தினமும் ஒரு செம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். கிழமைக்கு இரண்டு தடவை பத்து லீற்றர் மெதுவாக விடுங்கள். கன்றைச் சுற்றிவரத் தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்குங்கள், தண்டில் முட்டாமல் நாலு விரல் தள்ளி.

முள் இருக்கிறதே, ஆடு தொடாது என்று நம்பவேண்டாம். இளங்கன்றின் முள் மெத்தென்றிருக்கும். ஒரே நாளில் மொட்டையாகிவிடும். அடைப்பு கட்டாயம்.

இலையில் குருவி எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பு நீட்டினால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. விளாவும் எலுமிச்சைக் குடும்பம்தான். நாலைந்து புழுவுக்கு மருந்தடிக்காமல் கையால் எடுத்துவிடுங்கள்.

யானை வந்துபோகும் கந்தளாய்ப் பக்கத்து ஊர்களில் வீட்டோரம் விளா வைக்கவே வேண்டாம். பழ வாசத்துக்கு யானை வளவுக்குள் இறங்கும்.

விதைக்கன்று காய்க்கப் பதினைந்து வருடம்கூட ஆகலாம். மலடு என்று தறித்துவிடாதீர்கள். சீக்கிரம் காய்க்க வேண்டுமென்றால் ஒட்டுக்கன்று வாங்குங்கள். ஒட்டுக்குக் கீழே வெடிக்கும் துளிரை மட்டும் உடனுக்குடன் கிள்ளுங்கள், இல்லாவிட்டால் அது ஒட்டை அமுக்கிவிட்டுத் தான் மரமாகிவிடும்.