வெளிநாட்டில் வாழும் தமிழர்கள் மனநலக் கவுன்சலிங் தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கவுன்சலரிடம் போனால் நம் கதையைக் கேட்டுவிட்டு "இப்படிச் செய்யுங்கள்" என்று வழி சொல்லி அனுப்புவார் என்று நினைத்துப் போகாதீர்கள். அவர் கேள்வி கேட்பார், நீங்கள் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டாரா என்று உங்களிடமே சரிபார்ப்பார், சில நேரம் ஒன்றும் பேசாமல் காத்திருப்பார். அந்த அமைதி நீங்கள் யோசிப்பதற்காக. அவர் மருந்து எழுதித் தருபவரும் அல்ல. ஏற்கெனவே மனநல மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், கவுன்சலிங் தொடங்கிவிட்டது என்று அதை நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு சந்திப்பு வழக்கமாக 50 நிமிடம், வாரம் ஒரு முறை. முதல் சந்திப்பில் பெரும்பாலும் விவரம் கேட்பதும் படிவம் நிரப்புவதும்தான் நடக்கும். மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9, பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற கேள்வித்தாள்களைப் பல இடங்களில் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று பார்த்து 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். வெட்கப்பட்டு எல்லாவற்றுக்கும் 0 போட்டால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று ஆகிவிடும், கிடைக்கிற உதவியும் அதற்கேற்பக் குறையும். தூக்கமின்மை, தலைவலி, நெஞ்சு அடைப்பது, பசியின்மை எல்லாவற்றையும் சொல்லுங்கள். உடம்பில் தெரிவதும் இங்கே கணக்கில் வரும். நெஞ்சு வலியை மட்டும் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

பிஎச்க்யூ-9இன் கடைசிக் கேள்வி, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது பற்றியது. உண்மையைக் குறியுங்கள். குறித்தவுடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். எவ்வளவு அடிக்கடி வருகிறது, ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று மேலும் கேட்பார்கள். அந்த எண்ணம் கட்டுக்கு மீறினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் நீங்கள் இருக்கும் நாட்டின் அவசர எண்ணை உடனே அழையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கடைக்குப் போய்வர முடிகிறது என்பதற்காக, அழுகையையும் அவமானத்தையும் அதே ஆங்கிலத்தில் சொல்லிவிட முடியும் என்று எண்ணாதீர்கள். பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். இலங்கைத் தமிழா, தமிழ்நாட்டுத் தமிழா, ஆணா, பெண்ணா என்பதையும் சொல்லுங்கள். கணவரையோ மனைவியையோ மொழிபெயர்ப்பாளராக வைத்துப் பேசாதீர்கள். பிள்ளைகளை வைத்து ஒருபோதும் பேசாதீர்கள். அவர்கள் வலித்த இடத்தை மென்மையாக்கிவிடுவார்கள், நீங்களும் அவர்கள் முன்னால் பாதியை விழுங்கிவிடுவீர்கள். வருகிற மொழிபெயர்ப்பாளர் நம் ஊர்க்காரர் என்று தெரிந்தால் வேறு ஒருவரைக் கேட்பதில் தவறில்லை. தொலைபேசி வழியாக வேறு நகரத்தில் இருப்பவரை ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருப்பதால் 50 நிமிடம் போதாது; கூடுதல் நேரமும் கேட்டுவிடுங்கள்.

பேசியது வெளியே போகாது. ஆனால் அதற்கு எல்லை உண்டு: உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு ஆகியவை பொதுவாக விலக்கு. விசாவோ அகதி வழக்கோ நிலுவையில் இருந்தால், என் குறிப்புகளை யார் பார்க்கலாம் என்று முதல் நாளே நேராகக் கேளுங்கள். வழக்குக்குக் கடிதம் தேவைப்படும் என்றால் அதையும் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள், எல்லாக் கவுன்சலரும் கடிதம் தருவதில்லை.

முதல் சில வாரங்களில் மனம் இன்னும் கனமாவது சாதாரணம், புதைத்து வைத்ததைத் தோண்டுகிறீர்கள் அல்லவா. சந்திப்பு முடிந்ததும் நேராக வேலைக்கு ஓடாதபடி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். போர், சித்திரவதை போன்றவற்றை முதல் நாளே கொட்டிவிட வேண்டியதில்லை. "இதைப் பற்றிப் பிறகு பேசலாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சிபிடி (எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) முறையில் வீட்டில் எழுதிவரச் சொல்வார்கள். எழுத முடியாவிட்டாலும் சந்திப்புக்குப் போங்கள், ஏன் எழுத முடியவில்லை என்பதே பேசவேண்டிய விஷயம்தான்.

வர முடியாவிட்டால் எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக் குறித்துவையுங்கள். பல இடங்களில் 24 அல்லது 48 மணி நேரம். சொல்லாமல் விட்டால் கட்டணம் விழலாம், இலவச சேவையில் உங்கள் இடமே போய்விடலாம்.

மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகும் அவரிடம் மனம் திறக்க வரவில்லை என்றால் சத்தமில்லாமல் நின்றுவிடாதீர்கள். "உங்களிடம் பேச எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, வேறு ஒருவரைப் பார்க்க முடியுமா?" என்று அவரிடமே கேளுங்கள். அவர்கள் இந்தக் கேள்விக்குப் பழகியவர்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.