சர்க்கரை உள்ளவர் இருக்கும் வீட்டில் பால், தயிர், மோரை அளப்பது எப்படி?

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், பாலையே நிறுத்து என்று தருமபுரியில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நிறுத்த வேண்டியதில்லை, அளவு தெரிந்தால் போதும். மருத்துவரைக் கேட்டு நாங்கள் அமைத்துக்கொண்ட முறை இது.

2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ப்யூர் (PURE) ஆய்வு, இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,36,384 பேரைப் பார்த்தது. தினமும் இரண்டு பங்குக்கு மேல் பால் பொருட்கள் எடுத்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய்கள் குறைவாக இருந்தன. 2020இல் வந்த அதன் தொடர்ச்சியில் சர்க்கரை நோயும் குறைவு. பால்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை; பயந்து ஒதுக்கத் தேவையில்லை என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

1. பங்கு பிரிப்பது: அந்த ஆய்வில் ஒரு பங்கு பால் ஏறக்குறைய 244 கிராம். அரை லிட்டர் பாக்கெட்டை இரண்டாகப் பிரித்தால் கணக்கு முடிந்தது. மி.லி. கோடு போட்ட குவளை ஒன்று வாங்கிவிடுங்கள். டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும், அதை நம்ப வேண்டாம்.

2. மோர்க் கணக்கு: பலரும் திணறுவது இங்கேதான். ராகிக் களிக்கும் கூழுக்கும் மோர் இல்லாமல் நம்ம பக்கம் முடியாது. மூன்று டம்ளர் மோர் குடித்தால் மூன்று பங்கா? இல்லை. உறை ஊற்றும் முன்பே பாலை அளந்துவிடுங்கள். கால் லிட்டர் பால் தயிரானால் ஒரு பங்கு. அதில் எவ்வளவு தண்ணீர் விட்டுக் கடைந்தாலும், சொம்பு நிறைய மோர் வந்தாலும், அதே ஒரு பங்குதான். உப்பை மட்டும் குறைவாகப் போடுங்கள், ரத்த அழுத்தம் இருந்தால் இன்னும் குறைவாக.

3. எந்தப் பால்: கால் லிட்டரில் 6 சதவீதக் கொழுப்புப் பால் என்றால் சுமார் 15 கிராம் கொழுப்பு, 3 சதவீதம் என்றால் பாதி. கெட்ட கொழுப்பு கூடுதலாக இருந்த அப்பாவுக்கு 3 சதவீதம் வாங்குகிறோம். பாக்கெட் நிறத்தைப் பார்க்காமல், அச்சிட்ட சதவீதத்தைப் பாருங்கள்.

4. சீனி: கால் லிட்டர் பாலிலேயே இயற்கையாக 12 கிராம் அளவு பால் சர்க்கரை இருக்கிறது. மேலே சீனி சேர்ப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். வாசனைப் பால் (ஃப்ளேவர்டு மில்க்), பால்கோவா இரண்டிலும் சீனி இருப்பதால், அவற்றைப் பால் பங்குக்குப் பதிலாக எடுக்கக் கூடாது.

பின்சேர்க்கை: பாக்கெட் இல்லாமல் பால்காரரிடம் வாங்குபவர்கள், கொழுப்பைப் பால்மானியால் (லாக்டோமீட்டர்) பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பால்மானி அடர்த்தியை மட்டுமே காட்டும், கொழுப்பைக் காட்டாது. பால் சொசைட்டியில் சோதித்த கொழுப்பு அளவைப் பால்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பாஸ்பரஸ், பொட்டாசியம் காரணமாக மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவைப் பின்பற்றாதீர்கள்.