வேலை நாளில் ஸ்லோ குக்கர் கோழிக் குழம்பு

காலை 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பும் முன்பே ராத்திரிக் குழம்பை ஸ்லோ குக்கரில், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில், ஏற்றிவிடுவேன். எலும்போடு தொடைக்கறி 1 கிலோ. நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும், வேண்டாம். ஃப்ரீசர் கறியை அப்படியே போடவே கூடாது. முதல் நாளே ஃபிரிட்ஜில் இறக்கி வையுங்கள்.

வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, மசாலாத்தூளை வாணலியில் எண்ணெய் பிரியும்வரை வதக்கியே ஆக வேண்டும். இந்த 10 நிமிடத்தை விட்டால் பச்சை வாசனை கடைசிவரை போகாது. வதக்கியதைக் கறியோடு ஸ்லோ குக்கரில் போடுங்கள். தண்ணீர் அரை டம்ளர் போதும், கறியே நீர் விடும். 'லோ'வில் 6 மணி நேரம். அப்புறம் தானே 'வார்ம்'முக்கு (சூடு ஆறாமல் வைத்திருக்கும் நிலை) மாறும்படி வைத்துவிடுவேன். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள், சூடு இறங்கிவிடும்.

வீடு திரும்பியதும் கெட்டித் தேங்காய்ப்பால் 1 கப், கறிவேப்பிலை, 'ஹை'யில் 20 நிமிடம். கரண்டி பட்டாலே எலும்பிலிருந்து கறி கழன்று வரும். எனக்கு இது இடியாப்பத்துக்குத்தான்.